கண்டக்டரம்மா வீட்டு வெங்காயம்

வெங்காயம் நறுக்கினால் கண்ணில் தண்ணீர் வரும். இதுகூடத் தெரியாத ஒரு பெரிய மனுஷி எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். அவளால் ஒரு குடும்பமே பிரியப் பார்த்தது. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் தரைத்தளத்தில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னல் மிஷினுக்கு நேர் எதிரே. அந்த வீட்டுக்காரி பஸ் கண்டக்டர். மனைவியை இழந்த ஒரு குமாஸ்தாவைக் கட்டிக்கொண்டு வந்தவள். அவருக்கு ஒன்பது வயதில் ஒரு பெண். அந்தக் குழந்தை எட்டு மாதம் இவளிடம் வாயே திறக்கவில்லை. "சாப்பிடுறியா கண்ணு?" என்றால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். ஒரு பஸ் ஜனத்தையே அதட்டி உள்ளே தள்ளுகிறவள் என்னிடம் வந்து, "என்னைப் பாத்தா அவ்வளவு பயமாவா இருக்குக்கா?" என்று கேட்பாள்.

ஒருநாள் டூட்டி முடிந்து வந்த அலுப்பில் உருளைக்கிழங்கை வதக்கிக்கொண்டிருந்தாள். அடுப்படி வாசலில் நின்ற குழந்தை, "உப்பு போட மறந்துட்டீங்க" என்றது. முதல் பேச்சு!

"அப்போ நீயே வந்து போடு" என்றாள் இவள்.

அன்றிலிருந்து சாயந்திரமானால் இருவரும் அடுப்படியில்தான். பஸ் விசில் அங்கேயே ஆணியில் தொங்கும். ரெண்டு விசில் ஊதினால் அடுப்பு பற்ற வேண்டும், ஒரு விசில் ஊதினால் அணைய வேண்டும். இது அவர்கள் சட்டம். முட்டை தீய்ந்தால் இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பு என் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

இது பொறுக்குமா? மூன்றாம் மாடிக்காரி குப்பை கொட்ட இறங்கியவள் ஜன்னலில் எட்டிப் பார்த்திருக்கிறாள். குழந்தையின் கையில் கத்தி, கன்னமெல்லாம் கண்ணீர். முன்னால் கிடந்த வெங்காயம் மட்டும் அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை! உடனே குழந்தையின் பெரியம்மாவுக்குப் போன் போட்டு, சித்தி கொடுமை என்று பற்றவைத்துவிட்டாள். செத்துப்போன தங்கையின் பிள்ளையாயிற்றே, பெரியம்மா கொதித்துப்போய், ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போகிறேன் என்றுவிட்டாள்.

கண்டக்டர் பயந்துபோனாள். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, "நீ போய்ப் படி கண்ணு" என்று தனியாகச் சமைத்தாள். மூன்று நாள் அந்தக் குழந்தை மூடிய கதவுக்கு வெளியே நின்றது. நாலாம் நாள் என்னிடம் வந்தது.

"நான் என்ன தப்பு பண்ணேன் அத்தை? விசில்கூட ஊத மாட்டேங்கறாங்க."

கொடுமை நடக்கிறது என்று ஊரைக் கூட்டினவர்கள்தான் கொடுமையையே செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா காலி சூட்கேஸோடு வந்து இறங்கினாள். கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு நானும் போய் நின்றேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால்தான் போக வேண்டுமா?

"உனக்கு வேலைக்காரியா இருக்கவா என் தங்கச்சி இவளைப் பெத்தா?" என்று பெரியம்மா கத்தினாள். பஸ்ஸையே அதட்டுகிறவள் சுவரோரமாக ஒதுங்கினாள். குமாஸ்தா தரையைப் பார்த்தார். நல்ல ஆம்பளை!

குழந்தை உள்ளே போய்ப் பலகை, கத்தி, நாலு பெரிய வெங்காயம் எடுத்து வந்து பெரியம்மா காலடியில் உட்கார்ந்தது. நறுக்க ஆரம்பித்தது. இரண்டாவது வெங்காயத்திலேயே பெரியம்மா மூக்கை உறிஞ்சினாள். மூன்றாவதில் கண்ணிலிருந்து கொட்டுகிறது.

குழந்தை நிமிர்ந்து பார்த்தது.

"அழாதீங்க பெரியம்மா. உங்களை யாரு கொடுமைப்படுத்தினாங்க?"

பெரியம்மா பலகையைப் பார்த்தாள், கண்ணைத் துடைத்த தன் ஈரக் கையைப் பார்த்தாள், சூட்கேஸைக் காலால் மெல்ல ஓரமாகத் தள்ளினாள். "நான் வரல பெரியம்மா. நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க" என்றது குழந்தை. எழுந்து போய் ஆணியிலிருந்து விசிலை எடுத்துக் கண்டக்டர் கையில் திணித்தது.

"ஊதுங்க. அடுப்பு பத்த வைக்கணும்."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தாள். வெறும் காற்றுதான் வந்தது. தேம்பித் தேம்பி அழுகிறவள் எங்கே ஊதுவாள்? குழந்தையே வாங்கி ரெண்டு ஊது ஊதியது, கட்டிடமே அதிர.

மூன்றாம் மாடி ஜன்னல் உடனே திறந்தது. ஆமாம்மா, இன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் அழுகிறோம். யாருக்கு வேண்டுமானாலும் போன் போட்டுக்கொள்.