என் போனுக்கு வராத வங்கிச் செய்தி

போன மழைக்காலத்தில் மலேசியாவின் கேமரன் மலையில் மண் சரிந்து, கீழே இறங்கும் பாதை அடைபட்டது. திரிங்காப் ஊரில் பூ ஏற்றும் என் லோரி, தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டின் முன்னால் சும்மாவே நின்றது. இரண்டு மாதத் தவணை கட்டவில்லை. மூன்றாவதும் விட்டால் லோரியை இழுத்துப் போய்விடுவார்கள். விஷயம் எனக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும்.

அந்த ஞாயிறு, கோயில் பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தேன். எங்கள் தோட்ட ஆபீசில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி ஐயா வாசலில் நின்றார். பக்கத்து ஊரான கோலா தெர்லாவில் மகள் வீட்டில் இருப்பவர். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. குரலைத் தாழ்த்தி, "தம்பி, லோரி தவணை ரெண்டு மாசமா நிக்குதாமே. பேங்குக்குப் போங்க, குறைச்சுக் கட்டலாம்னு சொல்றாங்க" என்றார்.

இவருக்கு யார் சொன்னது? மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"யாரு ஐயா சொன்னது?"

"மெசேஜ் வந்துச்சு லா. வெள்ளிக்கிழமைக்குள்ள நேர்ல போகணும்."

என் கடனுக்கு இவருக்கு மெசேஜா? எங்கள் லயத்திலேயே ஒருவர் போனில் வந்த குரலை நம்பி, சேர்த்து வைத்ததையெல்லாம் பறிகொடுத்திருந்தார். போதாக்குறைக்கு, கிராணியின் மருமகன் காய்கறி வியாபாரி. வாடகை லோரிக்கு அலைகிறவர். கணக்கு சரியாகப் பொருந்தியது. என்னைப் பயமுறுத்தி லோரியை அடிமாட்டு விலைக்குத் தட்டப் பார்க்கிறார்கள். "பார்க்கலாம் ஐயா" என்று அனுப்பிவிட்டேன். தேத்தண்ணி கூடக் கொடுக்கவில்லை.

மறுநாள் வங்கிக்குப் போனதே அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான். அங்கிருந்த தமிழ்ப் பெண் கணினியைத் தட்டிவிட்டு, "ஆமா அங்கிள், நாங்கதான் அனுப்பினோம். உங்க கணக்குல பணம் வர்றது குறைஞ்சதும் கம்ப்யூட்டரே காட்டிடும். நீங்க ரொம்பத் தடுமாறறதுக்கு முன்னாடியே தவணையைக் குறைச்சுக் கொடுப்போம்" என்றாள். நான் விடவில்லை. எந்த நம்பருக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டேன். அவள் படித்தாள். அது என் நம்பர் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. நானும் தோட்ட வேலையில் இருந்தபோதுதான் சம்பளம் வங்கிக்கு மாறியது; அப்போது லயத்தில் பலரிடம் போன் கிடையாது. ஆபீசில் வைத்துக் கணக்குத் திறந்தபோது, எங்களுக்கெல்லாம் கிராணி தன் நம்பரையே எழுதிக் கொடுத்தார். பிறகு லோரிக் கடன் எடுத்தபோதும், பழைய விவரமே போதும் என்று நான்தான் சொன்னேன்.

ஆறு மாதத்துக்குப் பாதித் தவணை என்று எழுதிக் கொடுத்தார்கள். லோரி தப்பியது. அதை ஓட்டிக்கொண்டு நேராகக் கோலா தெர்லாவுக்குப் போனேன். கிராணி கீரைப் பாத்தியில் நின்றிருந்தார்.

"இத்தனை வருசமா என் கணக்கு உங்க போனுக்கா வந்துச்சு? ஒரு வார்த்தை சொல்லலியே ஐயா."

"பேங்க்ல சொல்லிப் பார்த்தேன். கணக்குக்காரரே வரணும்னுட்டாங்க. உங்ககிட்ட சொன்னா, நான் படிக்கிறேன்னு கூச்சப்படுவீங்க. அதனால வந்ததும் அழிச்சுருவேன். இது லோரி விஷயம் தம்பி. அழிக்க மனசு வரல."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சந்தேகப்பட்டதைச் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவருக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நம்பரை மாற்றிவிட்டேன். இப்போது வங்கிச் செய்திகள் என் போனுக்கே வருகின்றன. ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடுதான் திறக்கிறேன், அந்தப் புத்தி போகவில்லை. ஆனால் என் கை காய்ந்த மாதங்களையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு, கடைத்தெருவில் எதிர்ப்படும்போது அதை முகத்தில் துளியும் காட்டாமல் நலம் விசாரித்துவிட்டுப் போன அந்த மனிதரைப் பார்த்தால், தேத்தண்ணி வாங்கிக் கொடுக்காமல் இப்போது நான் விடுவதில்லை.