மச்சினனின் கிரேக்கக் குச்சிகள்

என் மச்சினனுக்கு வேலை வெட்டி இருக்கிறதோ இல்லையோ, கைப்பேசியில் சமையல் பார்க்க மட்டும் நேரம் இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை குனோங் ராபாட்டில் தன் வீட்டு வாசலில் கரியடுப்பை மூட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு எங்களைக் கூப்பிட்டான். கிரேக்க நாட்டுச் சமையலாம். இறாலும் சோத்தோங் கணவாயும் எலுமிச்சை, பூண்டு, ஆலிவ் எண்ணெயில் ஊறிக் குச்சியில் ஏறியிருந்தன. மேலே ஏதோ காய்ந்த இலை. சோறு கிடையாது, ரொட்டி கிடையாது.

"அக்காவுக்காகத்தான் மச்சான். மாவுச்சத்தே இல்லலா," என்றான்.

என் மனைவிக்குச் சர்க்கரை. கால்விரல் ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. அளவு இறங்காவிட்டால் அடுத்ததும் போகும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, மூன்று மாதமாகச் சோற்றைத் தொடாமல் கிடந்தாள்.

அதற்குக் கிரேக்கனிடமா போவது? ரப்பர் தோட்டத்தில் பிறந்த பயலுக்கு ஆலிவ் எண்ணெய் கேட்கிறதாக்கும்! குச்சிகளோ செத்த பல்லி மாதிரி வெளுத்துக் கிடந்தன.

"தள்ளுடா. நெருப்பு முன்னால நிக்கத் தெரியாதவன்லாம் சமைக்க வந்துட்டான்," என்று விசிறியைப் பிடுங்கினேன். அவன் தட்டு இரவல் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போனான்.

தோட்டத்துத் திருவிழாக்களில் சாத்தே இறைச்சிக் குச்சிகளை வாட்டியவன் நான். கைப்பழக்கம் விடுமா? அடுக்களையில் தேடி, தேங்காய்ப்பாலில் சீனியைத் தாராளமாகக் கரைத்து, நசுக்கிய செராய் என்கிற எலுமிச்சம்புல் தண்டால் தொட்டுத் தொட்டுத் தடவினேன். நிறம் வந்தது, பளபளப்பு வந்தது. அது சீனி என்பதே மண்டையில் ஏறவில்லை. குச்சியில் குத்தி வாட்டினால் தடவுவார்கள், அவ்வளவுதான்.

மனைவி பன்னிரண்டு குச்சி தின்றாள். வயிறாரச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்றாள். மச்சினன் கிரேக்கனைப் புகழ்ந்தான். கை என்னுடையது, பேர் எவனுக்கோ. மடையன் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து காஜாவில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி, சாயங்காலம் விரலைக் குத்திப் பார்த்தாள். அளவு எகிறியிருந்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"சோறுகூட திங்கலயே. இனி எத விடுறது? என் ஒடம்பு அவ்ளோதான் போலங்க," என்று அழுதாள்.

"ஒந்தம்பிய ஒதைக்கணும்…" என்று ஆரம்பித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அட பாவி!

"சீனி தடவுனது நாந்தான். பழக்கத்துல தடவிட்டேன்," என்றேன்.

காறித் துப்புவாள் என்று நின்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நெசமாவா? அப்ப சோத்த விட்டது வீணா போகலையா? ஒடம்பு நல்லாத்தான் இருக்கா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நாலு அறை விட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.