'கண்ணு' என்றவள் கை என் தாலிக்கயிற்றில்

எழுதினால் நாலு பேர் சிரிப்பார்களோ என்று பல வருடம் தயங்கினேன். இன்று அம்பாள் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

ஆடிப்பெருக்கன்று தாலிக்கயிறு மாற்ற மயிலாப்பூரில் ஒரு கோயிலுக்குப் போனேன். வீட்டுக்காரர் வெளியே செருப்புக்குக் காவலாக நின்றார். உள்ளே, நெற்றி நிறையக் குங்குமம் வைத்த ஒரு அம்மா, "வா கண்ணு, தனியா வந்தியா தங்கம்?" என்றார். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"சுமங்கலி கையால மாத்திக்கோ செல்லம்" என்று ஆளில்லாத தூண் மறைவில் உட்கார வைத்தார். புதுக்கயிற்றைக் கட்டிய பிறகுதான் பழையதைக் கழற்றுவது எங்கள் வழக்கம். அவரோ முதலில் பழையதைத் தொட்டார். ஆனாலும் கண்ணு என்று கூப்பிட்டவரை எப்படிச் சந்தேகப்படுவது? கண்ணை மூடித் தலை குனிந்தேன். பின்கழுத்தில் ஏதோ சில்லென்று பட்டது.

"ஏ கழுத! இங்க இன்னா பண்ணிக்கினு கீற? உன்ன எங்கெல்லாம் தேடுறது?" என்று வீட்டுக்காரர் கத்தினார்.

கண்ணைத் திறந்தால் அந்த அம்மா இல்லை. காலடியில் ஒரு பிளேடு கிடந்தது. கயிறு பாதி அறுந்திருந்தது.

"யாரு அது?"

"பேரு கேக்கலீங்க."

"அது உன் பேரக் கேட்டுச்சா?"

கேட்கவேயில்லை.

இப்போதெல்லாம் வீட்டில் விளக்கேற்றி, என் கையாலேயே மாற்றிக்கொள்கிறேன். முன்பின் தெரியாதவர் கண்ணு என்றால், நின்று பெயரைக் கேட்கிறேன்.

சகோதரிகளே, இதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள். அவள் இன்னும் எங்கோ யாரையோ கண்ணு என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பாள்.