வாடகைச் சுவரில் ஓர் ஆணி

எங்கள் சங்ககிரி கிளை நூலகத்தில் நான் எடுத்த நாவல்களில் எல்லாருக்கும் வீடு இருந்தது. எவ்வளவு ஏழையானாலும் ஒரு குடிசையாவது சொந்தமாக இருக்கும். ஓனர் ஆணி அடிக்க விடாததால் என்னைப்போலக் காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டவள் ஒருத்திகூட அதில் இல்லை. கதாநாயகி கதவைச் சாத்திக்கொண்டு அழுவதற்கு அறை கிடைத்துவிடும். எனக்கு எரிச்சலாக வரும்.

அப்போதுதான் மொழிபெயர்ப்புப் புத்தகம் ஒன்று கையில் சிக்கியது. எங்கோ ஒரு பணக்கார நாட்டில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். இருக்கத்தான் வீடில்லை. கொஞ்ச நாள் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டுகிறார்கள், கொஞ்ச நாள் காரிலேயே தூங்குகிறார்கள். வீடில்லாதவர்கள் என்றால் பேருந்து நிலையத்தில் துணி விரித்துப் படுப்பவர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். லாரி புக்கிங் ஆபீசில் பில் போடும் நானும் குஜராத்துக்கு லாரி ஓட்டும் என் கணவரும் அவர்களுக்கு இத்தனை பக்கத்தில் நிற்கிறோம் என்று யார் கண்டது?

அன்று போனில் அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

"நமக்கென்ன, ரெண்டு ஊடு இருக்குது. ஒண்ணு வாடகை, இன்னொண்ணு டயர் மேல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே மாதிரிப் புத்தகங்களாகத் தேடித் தேடி எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன்.

நாங்கள் குடியிருப்பது லைன் வீடு. ஒரே வரிசையில் ஐந்து வீடுகள், ஐந்துக்கும் பொதுவாக ஒரு குழாய். எதிரே ஓனரின் மாடி வீடு. ஆடி நெருங்கிக்கொண்டிருந்த சமயம், ஒருநாள் ஓனர் வாசலில் வந்து நின்றார்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள ஊட்டக் காலி பண்ணிக் குடுத்துருங்க. பக்கத்துல யாருகிட்டயும் சொல்லிக்க வேண்டாங்க."

ஏதோ என் மானத்தைக் காப்பாற்றுவது போலச் சொன்னார். நானும் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் பக்கம் ஒருத்தியைக் காலி பண்ணச் சொன்னால், அவள் என்ன செய்தாளோ என்றுதான் முதலில் பேசுவார்கள். ஆபீசுக்குப் பக்கத்தில் வீடு பார்ப்பதாகக் குழாயடியில் சொல்லிவைத்தேன். பக்கத்து வீட்டு மில்காரப் பெண் அம்மா ஊரோடு போகப்போவதாகச் சொன்னாள். கடைசி வீட்டில் டிரான்ஸ்பர் என்றார்கள். அத்தனையையும் நம்பினேன். பார்த்த வீடுகளில் எல்லாம் டிரைவர் குடும்பம் என்றதும் கையை விரித்தார்கள். இன்னும் சில நாட்களில் பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பது என்று தெரியாமல் பயந்துகொண்டிருந்தேன்.

அந்த வாரம் படித்த புத்தகத்தில் ஒரு கட்டடம் வந்தது. அதில் இருந்த குடும்பங்கள் எல்லாவற்றையுமே காலி பண்ணச் சொல்லியிருந்தார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் மறைத்தார்கள். அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலை குழாயடியில் போட்டு உடைத்தேன், ஓனர் எங்களைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார் என்று. மில்காரப் பெண் குடத்தைக் கீழே வைத்தாள்.

"எங்களையுந்தாங்க."

ஐந்து வீட்டையுமே சொல்லியிருந்தார். போர்வெல் போடும் ரிக் கம்பெனி ஒன்று தன் ஆட்களைத் தங்கவைக்க மொத்த லைனையும் கேட்டிருக்கிறது. அம்மா ஊரும் இல்லை, டிரான்ஸ்பரும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் பயம் போன இடம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஓனர் வாசலுக்குப் போனோம். பேசும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

"ஏனுங்க, ஆடி வந்துட்டா எங்களுக்கு யாரு ஊடு குடுப்பாங்க? ஆடியில யாரு பால் காய்ச்சிக் குடி போவாங்க? ஆவணி பொறக்கட்டும், பேசிக்கலாம். அதுவரைக்கும் இந்த லைன்ல ஒரு சட்டி பானை நகராதுங்க."

அவர் தண்ணீரை நிறுத்திவிடுவேன் என்று குதித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார்.

"அஞ்சு குடும்பத்தை ஆடியில தெருவுல நிறுத்திப்போட்டு, நம்மூட்டுல நான் வெளக்கேத்தோணுமா?" என்று கேட்டார். ஓனர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆடி முழுக்க ஒருவரும் அசையவில்லை. ரிக் கம்பெனிக்குக் காத்திருக்கப் பொறுமை ஏது? திருச்செங்கோடு ரோட்டில் வேறு இடம் பிடித்துக்கொண்டது. ஆவணி பிறந்ததும் ஓனர் குழாயடிக்கே வந்தார். "நீங்களே இருந்துக்கங்க" என்றார், எங்கள் முகத்தைப் பார்க்காமல். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"செவுத்துல ஆணி அடிச்சுக்கட்டுங்களா?"

நாங்கள் ஐந்து பேரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். "அடிச்சுக்கங்க சாமி" என்றார்.

அன்று சாயங்காலமே புத்தகம் வைக்க ஒரு பலகை வாங்கிவந்து அடித்தேன். சுத்தியலைக் கீழே வைத்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. மில்காரப் பெண் தன் வீட்டில் அடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்த வீட்டிலும் ஆரம்பித்தார்கள், பிறகு கடைசி வீட்டிலும். ஹூப்ளி பக்கம் லாரியை ஓரங்கட்டியிருந்த என் கணவர் போனில் என்ன சத்தம் என்று கேட்டார்.

"நம்ம லைன்ல எல்லாரும் ஆணி அடிக்கறோம்" என்றேன்.