மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி

ஸோஹாக் நகரத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்று மாடிப் படிகளையும் கழுவுகிறவள் இன்ஸாஃப். ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்வாள். சின்ன வயதில் தொண்டைப்புண்ணுக்குப் பிறகு வந்த காய்ச்சலை வீட்டில் யாரும் சட்டை செய்யவில்லை. அது முட்டியை வீங்க வைத்துவிட்டு நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. இதய வால்வு சுருங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தபோது மகள் பஸ்மலா வயிற்றில் ஏழு மாதம். இருவரும் பிழைத்ததே பெரும் பாடு.

அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. சொல்வதற்கென்ன, அலைந்தவளுக்கல்லவா தெரியும்! எங்கோ யாருக்கோ அந்த ஊசி ஒத்துக்கொள்ளாமல் உயிர் போனதாம். அந்தப் பயத்தில் மருந்துக்கடைக்காரர்கள் போட மாட்டார்கள். "வேற கடை பாருங்கக்கா" என்று அனுப்பிவிடுவார்கள். ஆஸ்பத்திரி என்றால் காலையில் போய் நின்றால் மதியம் தாண்டிவிடும். பதினோரு வருஷம் அலைந்தவள், இந்தக் கோடையில் சலித்துப்போய் இரண்டு ஊசியை விட்டுவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அப்போதுதான் பஸ்மலாவுக்குக் காய்ச்சலோடு முட்டி வீங்கியது. நாலு நாளில் அது வடிந்து, மணிக்கட்டு வீங்கியது.

"வளர்ற புள்ளைக்கு வலிக்காம என்ன செய்யும்? கற்பூர எண்ணெய் தேய்ச்சு விடு" என்றாள் நாத்தனார் ரவ்ஹியா.

"எனக்கும் அதைத்தான் தேய்ச்சாங்க அண்ணி. நான் படியேறுற லட்சணத்தைத்தான் பாக்குறீங்களே!"

மறுநாளே மகளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் மக்ரம் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்; ஸ்கேனும் எடுத்தார்.

"உனக்கு வந்த அதே காய்ச்சல்தான். வால்வுக்கு இன்னும் ஒண்ணும் ஆகல. நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தே. ஆனா இருபத்தோரு வயசு வரைக்கும் ஊசியை விடவே கூடாது. விட்டா மறுபடி காய்ச்சல் வரும், நெஞ்சையும் பிடிக்கும்."

இன்னும் பத்து வருஷம். பதினோரு வயது மகளைப் பார்த்து இன்ஸாஃப் கணக்குப் போட்டாள்.

பஸ்மலா கட்டில் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "நான் மாட்டேன்! நீ மட்டும் ஒழுங்கா போட்டுக்கிறியா? உன் ஊசி அட்டையில ரெண்டு தேதி காலியாக் கிடக்கு. நான் பாத்தேன்மா."

டாக்டர் இன்ஸாஃபைப் பார்த்தார். அவளுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

இன்ஸாஃப் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறினாள். "முதல்ல எனக்குப் போடச் சொல்லுங்க டாக்டர்."

மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க, நர்ஸ் அவள் கையில் ஒரு சொட்டு குத்திவிட்டுக் காத்திருந்தாள். பிறகு இடுப்பில் ஊசியை இறக்கினாள். கெட்டி மருந்து மெல்ல மெல்ல ஏறியது. இன்ஸாஃப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வலிக்குதாம்மா?" என்றாள் பஸ்மலா.

"உயிர் போகுது" என்றபடி எழுந்து, விரிப்பைத் தட்டிச் சரிசெய்தாள். "வா, ஏறிப் படு."

பஸ்மலா கம்பியை விட்டாள்.