பத்தாம் நாள் கூடையோடு வந்தவர்

எலீஸ் அக்கா இறந்துவிட்ட செய்தி, அவர் நாய்க்குட்டி கொடுத்த வீடுகளுக்கான வாட்ஸ்அப் குழுவில் வந்தது. முதல் வகுப்புக்குக் கிளம்பும்போது பார்த்தேன். அவருடைய தங்கை மகள் இரண்டு வரிதான் எழுதியிருந்தாள்: "பெரியம்மா விடியக்காலைல தூக்கத்துலயே போயிட்டாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கறோம்." அதன் கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். அனுப்பியவர்களின் பெயர்கள் என் கைபேசியில் இப்படி இருந்தன: சீசர் ரெட்டியார்பாளையம், டாலி லாஸ்பேட்டை, ராக்கி அப்பா. ஆறு ஆண்டுகளாக ஒரே குழுவில் இருக்கிறோம். ஒருவருடைய சொந்தப் பெயரும் எனக்குத் தெரியாது.

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் அக்கா வீட்டின் முன் போட்டிருந்த நாற்காலிகளிலும் அதே கதைதான். "நான் சீசர் வீடு" என்றார் பக்கத்தில் இருந்தவர். "நான் மிளகு வீடு" என்றேன். அவர் குரலைத் தணித்துக் கேட்டார்: "உங்க வீட்ல பாஸா, ஃபெயிலா? எங்களுது ஃபெயிலுங்க. கூடையில தூக்கிப் போட்டுக்கினு போயிட்டாங்க. ஒரு மாசம் நடையா நடந்து கெஞ்சி வாங்கியாந்தேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு இருக்கும் இடம் நினைவுக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதைப் படிக்கும் உங்களில் அவரிடம் குட்டி வாங்கியவர்கள் அந்தக் கூடையைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்காவுக்கு ரவிக்கை தைப்பது தொழில். வீட்டின் முன்னறையில் தையல் மெஷின், பின்கட்டில் ஒரு கறுப்பு லேப்ரடார். ஒன்றரை ஆண்டுக்கு ஒரு ஈற்று, அதற்கு மேல் விடமாட்டார். குட்டிகளை விற்றார் என்பது உண்மைதான், ஆனால் விற்றதோடு அவருக்கு வேலை முடியவில்லை. குட்டி புது வீட்டுக்குப் போன பத்தாம் நாள், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார். கையில் மூடி போட்ட ஒரு காலிக் கூடை. அவர் காபி குடித்து முடிப்பதற்குள் குட்டி அவரை விட்டு வீட்டுக்காரரிடம் போய்விட்டால் அது அந்த வீட்டு நாய். அவர் மடியிலேயே இருந்துவிட்டால் கூடையில் போட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு போவார். வீட்டுக்காரர் குட்டியைக் கூப்பிடக் கூடாது. இந்த நிபந்தனைக்குச் சம்மதித்தவர்களுக்குத்தான் குட்டி.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்துபவள். ஒரே ஒரு முறை பார்த்து முடிவு செய்கிற சோதனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் சந்திப்பிலேயே அதைச் சொன்னேன். பழக்கமான ஆளிடம் குட்டி ஓடுவதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றேன். அக்கா வாயில் இருந்த ஊசியை எடுத்துவிட்டுப் பதில் சொன்னார்: "உங்க காலேஜ்ல மட்டும் இன்னா டீச்சர், மூணு மணி நேரம் எழுதறத வெச்சுத்தானே பாஸு போடறீங்க?" செவ்வாய்க்கிழமை குட்டி கொடுத்தால் நிலைக்காது என்று நம்பியவரும் இவர்தான். அதை நான் இன்றுவரை ஏற்கவில்லை.

குட்டியை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அவர்தான் கொடுப்பார். அன்று ஏழு குட்டிகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் வெவ்வேறு நிற லைனிங் துணி. மூலையில் அமைதியாகப் படுத்திருந்த மஞ்சள் துணிக் குட்டியைக் காட்டிக் கேட்டேன். அக்கா பதிலுக்குக் கேட்டார்: "வீட்ல யார் யாரு?" பையன் வெளியூரில் படிக்கிறான், நான் மட்டும்தான் என்றேன். "நீங்களும் பேச மாட்டீங்க, அதுவும் பேசாது. அப்புறம் வீடு எதுக்கு ஆகும்?" மற்றவற்றின் மேல் ஏறிக் கத்திக்கொண்டிருந்த பச்சையை எடுத்து, "சவா?" என்று அதனிடமே பிரெஞ்சில் நலம் விசாரித்துவிட்டு என் கையில் வைத்தார். உடனே திரும்ப வாங்கியும் கொண்டார். இரண்டு மாதம் நிறையவில்லையாம். மற்ற இடங்களில் முப்பது நாளிலேயே கொடுக்கிறார்களே என்றேன். "கடிச்சா வலிக்கும்னு கூடப் பொறந்ததுங்கதான் சொல்லிக் குடுக்கணும். நீங்க சொன்னா அதுக்கு எங்க புரியப் போவுது?" அதில் நியாயம் இருந்தது. மூன்று வாரம் காத்திருந்தேன்.

குட்டியோடு ஒரு துண்டுத் துணியும் வரும். தாய் நாய் படுத்த பழைய போர்வையை ஏழாக வெட்டி, ஓரம் அடித்துக் கொடுப்பார். குட்டியின் படுக்கையில் போட வேண்டும், துவைக்கக் கூடாது. நான் துவைத்தேன். இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மணம் என்பது காற்றில் பரவும் மூலக்கூறுகள் என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவள், அந்தத் துணியின் வீச்சம் தாளாமல் முதல் நாளே கிருமிநாசினியில் ஊறப்போட்டு அலசி வெயிலில் காயப்போட்டேன். அன்று மாலையிலிருந்து குட்டி சாப்பிடவில்லை. பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் புகுந்துகொண்டு முனகியது. மறுநாளும் தட்டு அப்படியே இருந்தது. கால்நடை மருத்துவர் உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். கடைசியில் அக்காவை அழைத்தேன்.

"துணி எங்க கிடக்குது?" என்றார் முதலிலேயே.

"கொடியில" என்றேன்.

"தொவைச்சிட்டீங்களா?"

"ஆமாம்."

"படிச்சவங்கதான் கரெக்டா இந்தத் தப்பப் பண்றீங்க. மத்தவங்க தொடவே அருவருத்துக்கினு மூலையில கடாசிடுவாங்க. குட்டி தானா தேடிப் போய்ப் படுத்துக்கும்."

இன்னொரு துண்டு கிடைக்குமா, ஆட்டோ பிடித்து வருகிறேன் என்றேன்.

"இருக்குது. குடுக்க மாட்டேன். அம்மா வாசனை போயிடுச்சு இல்ல, இனிமே அது எதுக்கு? நீங்க நேத்து போட்டிருந்த நைட்டி இருக்குதா? தொவைக்காதது? அதப் போடுங்க. ஒரு கை சோறு உங்க கையாலயே வெச்சிக்கினு பக்கத்துல தரையில உக்காருங்க. கொஞ்சாதீங்க, சும்மா உக்காருங்க."

அப்படியே செய்தேன். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு மூக்கு வெளியே வந்தது. முதலில் நைட்டியை மோந்தது, பிறகு என் விரல்களுக்கு இடையில் இருந்த தயிர் சாதத்தை நக்கியது. நான் அசையாமல் இருந்தேன். ஒரு தவறைத் தொலைபேசியில் ஒப்புக்கொண்டதும், அதற்குத் திட்டு வாங்கியதும், அதற்கு மருந்தும் அங்கேயே கிடைத்ததும் எனக்குப் புது அனுபவம்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தேன். கால் மணிகூட ஆகவில்லை, வாசலில் அக்கா. குட்டி அவரைக் கண்டதும் வீடே அதிரக் கத்திக்கொண்டு ஓடியது. அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார, அது மடியில் ஏறிப் புடவைத் தலைப்பைக் கடித்து இழுத்து, பிறகு தாடையை அவர் முழங்கால்மேல் வைத்துப் படுத்துவிட்டது. நான் காபி கொண்டுவந்து வைத்தேன். அக்கா ஊதி ஊதிக் குடித்தார். அந்த ஒரு டம்ளர் காபி இருபது நிமிடம் வந்தது. என்மேல் இரக்கப்பட்டுத்தான் அவ்வளவு மெதுவாகக் குடித்தார் என்று பிறகு தோன்றியது. குட்டி என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னா டீச்சர் பண்றது, பேச்சு பேச்சுதானே" என்று கூடையின் மூடியைத் திறந்து குட்டியை உள்ளே வைத்தார். அது சந்தோஷமாகவே உள்ளே போனது.

"குடுக்க மாட்டேன்" என்றேன்.

"எதுக்கு?"

"அதுக்கு முட்டையில மஞ்சக்கருதான் மொதல்ல வேணும். வெள்ளையத் தனியாப் போட்டா தொடாது. மிக்சிக்குப் பயப்படாது, குக்கர் விசிலுக்கு நடுங்கும், அதனால நான் இப்ப வாணலியிலதான் பருப்பு வேக வைக்கிறேன். படுக்கறதுக்கு முன்னாடி மூணு சுத்து சுத்தும், எப்பவும் இடது பக்கமா. தண்ணி கிண்ணத்துல தலைய விட்டுட்டுத் தும்மும். வலது முன்னங்கால்ல ஒரு நகம் மட்டும் வெள்ளை." என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. நான் நிறுத்தவில்லை. பகலில் எத்தனை முறை வெளியே போகிறது, எந்தச் செருப்பைக் கடிக்கிறது, எதைக் கடிப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே போனேன்.

அக்கா கூடையைத் தரையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "இதெல்லாம் எப்பப் பாத்தீங்க?"

"பத்து நாளா அதைத்தான் பாத்துட்டிருக்கேன்."

அவர் மூடியைத் திறந்தார். "இது இன்னும் என் நாய்தான் டீச்சர், அதுல சந்தேகம் இல்ல. ஆனா நீங்க இதோட ஆளாயிட்டீங்க. இது மெதுவா வந்து சேரும்." வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிச் சொன்னார்: "ஃபெயிலுதான் போட்டிருக்கேன். வெளிய யார்கிட்டயும் பாஸுன்னு சொல்லிக்காதீங்க." அவர் தெருமுனை திரும்பும்வரை குட்டி கேட்டருகே நின்று அழுதது. நான் பக்கத்தில் நின்றேன். கூப்பிடவில்லை.

மிளகு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தாள். ஒன்றரை மாதம் ஆனது. அதன்பின் இரண்டாவது ஆண்டில், என் பழைய ரவிக்கைகளைப் பிரித்துத் தைக்க அளவெடுப்பதற்காக அக்கா என் வீட்டுக்கு வந்தார். முழங்கால் வலியால் மெஷின் மிதிப்பதைக் குறைத்துக்கொண்டிருந்த சமயம், ஆனாலும் வந்தார். மிளகு அவரைப் பார்த்துக் குரைத்தாள், உறுமினாள், என் புடவைக்குப் பின்னால் நின்றுகொண்டு மறுபடியும் குரைத்தாள். நான் கூசிப்போனேன். அக்காவின் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "குரைடி, நல்லாக் குரை! யாரோ அளவுக்காரி வந்திருக்கறா!" என்று கைதட்டினார். தான் வளர்த்த குட்டிகள் தன்னை மறப்பதை இப்படிக் கொண்டாடிய வேறொருவரை எனக்குத் தெரியாது. அதற்காகத்தான் அவர் வீடுவீடாக நடந்தார் என்று நினைக்கிறேன்.

அவரைப் பற்றி மிகையாகச் சொல்ல விரும்பவில்லை. கடுஞ்சொல் பேசுவார். பிடிக்காதவர்களை வாசலோடு அனுப்பிவிடுவார். அந்தச் சோதனை சரியான சோதனை என்று இப்போதும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் தானே வகுத்த விதியைத் தன் கையாலேயே ஒதுக்கிவைக்க அவருக்குத் தெரிந்திருந்தது. பரீட்சை நடத்துகிற எங்களுக்கு அது எளிதில் வருவதில்லை.

கணவர் பிரிந்து போகிறேன் என்றபோது "சரி" என்றவள் நான். மகன் வெளியூரில் படிக்கிறேன் என்றபோதும் அதையேதான் சொன்னேன். போகிறவர்களைத் தடுக்காமல் இருப்பது நல்ல பண்பு என்று எண்ணியிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, திறந்த கூடைக்கு முன்னால், நாற்பத்திரண்டு வயதில், முதன்முறையாக ஒன்றைக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன். அக்கா கோபப்படவில்லை, சிரிக்கவில்லை. எதற்கு என்று கேட்டார், சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். எலீஸ் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியையும் அந்தக் காத்திருப்பையும்தான். போன மாதம் மகன் வெளிநாட்டு வேலைக்குப் போகப்போவதாகத் தொலைபேசியில் சொன்னான். நான் "சரி" என்று சொல்லவில்லை. "எதுக்கு?" என்று கேட்டேன். அவன் நெடுநேரம் பேசினான்.