வரிசைக்குள் ஒளிந்திருந்தேன்

தும்மியதுதான் நான் செய்த குற்றம். எண்பதுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். நாற்பத்திரண்டு வயது. இரும்புத் தூசி மூக்கில் ஏறி, ஒரே ஒரு தும்மல். பழுக்கக் காய்ச்சிய கம்பியை யாரோ இடுப்பில் செருகி, இடது கால் வழியாகக் கட்டைவிரல் வரைக்கும் இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. குனிந்தவன் குனிந்தபடியே நின்றேன். ஷெட்டில் இருந்த பதினைந்து பேரும் கை தட்டினார்கள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பத்து வருடமாக அந்த ஷெட்டுக்கு நான்தான் கோமாளி. மேனேஜர் நடப்பதையும் முதலாளியின் மாமனார் மூக்குச் சிந்துவதையும் நடித்துக் காட்டிச் சம்பளத்துக்கு மேல் பெயர் வாங்கியிருந்தேன். முந்தின வாரம்தான் கூன் விழுந்த வாட்ச்மேனை நடித்திருந்தேன். இதையும் அதே நாடகத்தின் இரண்டாம் காட்சி என்று நினைத்துவிட்டார்கள்.

"மாமே, சூப்பரா கீது! இன்னும் கொஞ்சம் குனி!" என்று கத்தினான் பக்கத்து லேத்காரன். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருகிறவன், எனக்கு இருந்த ஒரே நல்ல சிநேகிதன். நான் அவன் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். தரையில் என் கண்ணீர் சொட்டுவதைப் பார்த்த பிறகுதான் ஒவ்வொரு மெஷினாக நின்றது.

ஆறு மாதம் தைலம், மூலிகைப் பத்து, மாத்திரை, இடுப்புப் பட்டை என்று எல்லாம் பார்த்து ஓய்ந்து, கடைசியில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதுகில் ஊசி குத்தி, சாயம் விட்டு, எக்ஸ்ரே எடுத்தார்கள். மனைவி மருந்து வாங்கும் இடத்தில் நின்றிருந்தாள். பெரிய டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார்:

"முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துது. ஆபரேஷன்தான். உங்களுக்கு முன்னாடி நெறைய பேர் இருக்காங்க. மூணு மாசம் ஆகலாம், கார்டு போடுவோம்."

பிறகு என் இடது கட்டைவிரல் மேல் தன் விரலை வைத்து அழுத்தி, தூக்கச் சொன்னார். தூக்கினேன்.

"தினம் காலைல இதே மாதிரி தூக்கிப் பாருங்க. என்னிக்கு இந்த விரல் தூக்க வரலையோ, அன்னிக்கே கிளம்பி வந்துடணும். கார்டும் வேணாம், வரிசையும் வேணாம். லேட் பண்ணா அப்புறம் விரல் திரும்பி வராது."

வெளியே வந்து மனைவியிடம் "மூணு மாசம் ஆகுமாம்" என்றேன். மீதியை முழுங்கிவிட்டேன். மாத்திரையை முழுங்கவே தண்ணீர் கேட்கிற ஆள் நான். அது மட்டும் தண்ணீர் இல்லாமலே இறங்கியது.

வலியோடு பழகிவிடலாம் என்று சொல்கிறவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி, மூக்குப்பொடி போட்டுத் தும்ம வைக்க வேண்டும். வலி பழகாது. நாம்தான் அதற்குப் பயந்து வீட்டு நடப்பையே மாற்றிக்கொள்வோம். உட்கார முடியாது என்பதால் அலமாரி மேல் தட்டை வைத்து, நின்றுகொண்டே சாப்பிட்டேன். கக்கூஸில் குந்த முடியாது என்பதால் சிநேகிதன் ஒரு பழைய மர நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தான். "சிம்மாசனம் ரெடி, குந்து ராஜா" என்றான். எழுந்திருக்க முதலில் கட்டையைப் போல உருள வேண்டும். தும்மல் வந்தால் கதவு நிலையைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் தாளிப்பதையே தடை செய்தேன். மிளகாய் கிள்ளிப் போட்ட எண்ணெயின் நெடி போதும், நான் செத்தேன்.

"உங்க வாய்க்குச் சமைச்சது போதாதுன்னு இப்போ மூக்குக்கும் சமைக்கணுமா?" என்றாள் மனைவி. எங்கள் திருச்சபை நடத்தும் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்துக் களைத்து வருகிறவள். ஆனாலும் தாளிக்கவில்லை. பிள்ளைகள் வெள்ளைச் சாம்பாரை முறைத்துக்கொண்டே தின்றன.

திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவுக்கு என் முதுகைவிட நல்ல பொழுதுபோக்கு அப்போது கிடையாது. சபையிலிருந்து கூட்டமாக வந்து ஜெபம் செய்வார்கள். ஆமென் சொன்ன கையோடு, ஆபரேஷன் செய்து படுத்த படுக்கையானவர்களின் பட்டியலை எடுப்பார்கள். ஐயப்பன்தாங்கல் டிப்போ கண்டக்டர் ஒருவருக்கு இதே முதுகு, இதே தட்டு, இதே ஆபரேஷனாம்.

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, படுத்தவர் படுத்தவர்தான்."

முகம் தெரியாத அந்தக் கண்டக்டர் அன்றிலிருந்து என் தலைமாட்டிலேயே குடியேறிவிட்டார். கண்ணை மூடினால் விசில் ஊதினார்.

இந்தக் கூட்டத்தில் நான் அதிகமாக வெறுத்தது என் மச்சானை. மனைவியின் அண்ணன். ஆவடியில் அரசாங்க வேலை. வீட்டுக்குள்ளேயும் சஃபாரி சூட் போடுகிற ஆள். ஒருநாள் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னார்:

"மாப்ள, ஆஸ்பத்திரி ஆபீஸ்ல நமக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார். ஒரு வார்த்தை சொன்னா பேரை மேல ஏத்திடுவார்."

பெயர் மேலே ஏறினால் கத்தியும் சீக்கிரம் வந்துவிடும். குரலை உயர்த்தினேன். "வரிசைன்னா வரிசைதான் மச்சான். ஏழைங்க எத்தினி பேர் காத்திருக்காங்க? குறுக்கு வழியில போறதுக்கு நான் ஆளில்ல!"

"இந்த நேர்மை எப்போ பொறந்துச்சு? போன கிறிஸ்துமஸுக்கு பிளாக்குல டிக்கெட் வாங்கி எங்க எல்லாரையும் படத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்களே?"

"அது சினிமா. இது முதுகு!"

அவர் போன பிறகு அந்த ஆஸ்பத்திரி வரிசையைத் திட்டித் தீர்த்தேன். இரண்டு மாதத்துக்கும் மேலாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஏழைக்கு நாதியில்லை, செத்த பிறகுதான் கார்டு வரும் என்று போகிற வருகிறவரிடமெல்லாம் புலம்பினேன். உண்மையில் அந்த வரிசை என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. மழைக்கு ஒதுங்குகிற மாதிரி அதற்குள் ஒதுங்கியிருந்தேன்.

கார்டு வருவதற்குள் முதுகைச் சரிசெய்துவிட்டால் கத்தியே வேண்டாம் அல்லவா? அதற்கு என் தொழில் வழி சொன்னது. காத்திருக்கும் வரைக்கும் வலி குறைய, ஆஸ்பத்திரியில் இடுப்புக்கு ஒரு பட்டை கொடுத்திருந்தார்கள். அதைக் கட்டி, கயிற்றைக் கட்டில் கால்மாட்டில் ஒரு கப்பி வழியாகப் போட்டு, ஆறு கிலோ எடையைத் தொங்கவிட்டுப் படுத்திருக்க வேண்டும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். ஆறு கிலோவுக்கு மேல் கூடாது.

வளைந்த இரும்புத் தண்டை, அதாவது ஷாஃப்டை, நிமிர்த்துகிறவனுக்கு ஒரு விஷயம் தெரியும். நேராகும் வரை மட்டும் அழுத்தினால் போதாது. விட்டால் இரும்பு பழையபடி வளையும். நேருக்கும் கொஞ்சம் தாண்டி அழுத்தினால்தான், விடும்போது சரியாக வந்து நிற்கும். டாக்டருக்கு இரும்பு தெரியாது, பாவம். ஆறு கிலோ என்பது நேராகும் வரைக்கான கணக்கு. தாண்டுவதற்கு?

சிநேகிதனிடம் வார்ப்பிரும்புத் துண்டுகள் கேட்டேன்.

"டாக்டரே ஏத்த சொன்னாரா, மாமே?"

"இல்ல, உன் மாமியார் சொன்னாங்க. கொண்டாடா."

"கோச்சுக்காத. கொண்டாறேன்."

மனைவி பள்ளிக்கூடம் போனதும் ஒன்பது, பன்னிரண்டு என்று ஏற்றினேன். நான்காம் நாள் பதினெட்டு. எடை என்னைக் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் இழுத்தது. நழுவாமலிருக்க வேட்டியை அக்குளுக்குக் கீழே சுற்றித் தலைமாட்டுச் சட்டத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். இரண்டு முனையிலும் பிடித்து லேத்தில் மாட்டிய ஷாஃப்டைப் போலக் கிடந்தேன். இழுபட்டுக் கிடந்த வரை சுகமோ சுகம். ஜெயித்துவிட்டேன் என்று சிரித்துக்கொண்டேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கயிற்றை அவிழ்த்தேன்.

நான் போட்ட கூச்சலைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மா, யாரோடோ சண்டை போடுகிறேன் என்று ஜன்னலைச் சாத்திவிட்டார்களாம்.

மறுநாள் காலை கட்டைவிரலைத் தூக்கினேன். வலது விரல் எழுந்து வணக்கம் சொன்னது. இடது விரல் சும்மா இருந்தது. மறுபடியும் சொன்னேன். இரண்டையும் சேர்த்துத் தூக்கினால் வெட்கம் தெளிந்து வருமோ என்று பார்த்தேன். கையால் தூக்கிவிட்டுக் கையை எடுத்தேன். பொத்தென்று விழுந்தது.

அன்னிக்கே வந்துடணும் என்று டாக்டர் சொன்னது காதில் கேட்டது. கூடவே கண்டக்டரின் விசிலும் கேட்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். மறுநாளும் அதையே செய்தேன். இரும்புத் துண்டுகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். நடந்தால் இடது கால் ஈரத்துணியை அறைவது போல டப், டப் என்று தரையில் விழுந்தது. ரப்பர் செருப்பு காலில் நிற்காமல் பாதி வழியில் கழன்றுகொண்டது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டி, செருப்பைப் பாதத்தோடு சேர்த்து மாட்டினேன். மேலே நீளமாக லுங்கி. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். இப்படிப் பதினோரு நாள்.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்த கையோடு மச்சான் வந்தார். உட்காரக்கூட இல்லை.

"சொல்லிட்டேன் மாப்ள. வர்ற புதன்கிழமை அட்மிட் பண்ணிக்கறாங்க."

"யாரைக் கேட்டு சொன்னீங்க?"

"என் தங்கச்சி படற பாட்டைப் பார்த்துட்டு சொன்னேன். உங்களைக் கேக்கணுமா?"

"என் முதுகு! கேக்காம வேற யாரைக் கேப்பீங்க? சர்க்கார் வேலைன்னா அடுத்தவன் முதுகுலயும் கையெழுத்துப் போடுவீங்களோ? வெளிய போங்க!"

வெளியே எந்தப் பக்கம் என்று காட்டுவதற்காக எழுந்து கம்பீரமாக நடந்தேன். இடது கால் வாசற்படியில் தட்டியது. தடுமாறி, வெளியே போகச் சொன்ன ஆளையே கட்டிக்கொண்டு விழுந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்த பேனா என் மூக்கில் குத்தியது. லுங்கி முழங்கால் வரை ஏறிவிட்டது.

"என்ன மாப்ள இது, கால்ல டியூபு?"

மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். டியூபைக் கழற்றினாள். செருப்பைக் கழற்றினாள். என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"தூக்குங்க."

"விரல் லீவுல போயிருக்கு."

"தூக்குங்கன்னேன்."

அதற்கு மேல் முடியவில்லை. டாக்டர் சொன்னது, பதினெட்டுக் கிலோ, பதினோரு நாள் எல்லாம் வெளியே வந்தது. சொல்லும்போதே நடுநடுவே சிரிப்புக் காட்டப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

"மூணு மாசமா இந்த வீட்ல தாளிக்கல," என்றாள். "உங்களுக்கு வலிக்கும்னு பசங்க தும்மலைக்கூட அடக்கிச்சுங்க. எங்கிட்ட இதைச் சொல்ல வாய் வரல இல்ல?"

மச்சான் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "இத்தினி நாளா கோமாளின்னு நெனச்சேன். கோழை," என்றார். பிறகு கார் பிடிக்கப் போனார்.

அம்பாசடரின் பின் சீட்டில் மடங்கிப் படுத்துக்கொண்டு போனேன். மின்கம்பிகளும் வேப்பங்கிளைகளும் மட்டும் தெரிந்தன. முன்சீட்டில் அண்ணனும் தங்கையும். அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் நான் முனகினேன். கொஞ்சம் கூடவே முனகினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பயனில்லை.

அதே பெரிய டாக்டர் வந்தார். விரலைத் தொட்டார், குண்டூசியால் குத்தினார். "எப்போலேர்ந்து?"

"ரெண்டு நாளா சார்."

"பதினோரு நாள்," என்றாள் மனைவி.

டாக்டர் என்னையே பார்த்தார். "அன்னிக்கே வரச் சொன்னேனே. ஏன் வரல?"

வாயில் நாலு பதில் வந்தது. பஸ் இல்லை, பணம் இல்லை, மறந்துவிட்டேன், வரிசைக்கு மரியாதை. "பயமா இருந்துச்சு சார்," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை.

"வலி போயிடும். விரலைப் பத்தி இப்போ ஒண்ணும் சொல்ல முடியாது."

மறுநாள் காலை முதல் ஆளாகக் கொண்டுபோனார்கள். கண் விழித்தபோது முதுகில் தையல் எரிந்தது. காலில் அந்தக் கம்பி இல்லை. ஒன்பது மாதம் என்னை ஆட்டிவைத்த அந்த வலி, ஒரு காலை நேரத்துக்குள் போய்விட்டது. இதற்கா இத்தனை பயந்தேன் என்று படுத்தபடியே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். ஆஸ்பத்திரியில் கால் பயிற்சி சொல்லிக்கொடுத்தவர், தினமும் யாராவது விரலைத் தொட்டு அழுத்தித் தூக்கச் சொல்ல வேண்டும் என்றிருந்தார். அந்த யாராவதாக என் மனைவி உட்கார்ந்தாள். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முகம் கழுவியதும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, என் கட்டைவிரல் மேல் தன் விரலை வைப்பாள். "தூக்குங்க" என்பாள், போலீஸ்காரி மாதிரி. அந்தக் கால் மணி நேரத்தில் அது ஒன்றுதான் பேச்சு. நான் பல்லைக் கடித்துத் தூக்கப் பார்ப்பேன், விரல் வராது. அவள் எழுந்து போவாள். மாதக் கணக்கில் இது நடந்தது. நான் குச்சி ஊன்றாமல் நடக்க ஆரம்பித்து, ஷெட்டில் லேத்தை விட்டு ஸ்டோரில் உட்கார வைக்கப்பட்ட பிறகும் நடந்தது.

ஒருநாள் அவள் ரொம்பக் களைத்திருந்தாள். அவளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் போல இருந்தது.

"இப்போ லேசா அசைஞ்சுது, பாத்தியா?" என்றேன்.

அவள் தலையைத் தூக்கினாள். "என் விரல் இங்கதான இருக்கு. எனக்குத் தெரியாதா?"

விரலை எடுத்தாள். எழுந்து போய்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்த எடுத்துவைத்துக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம் முகம் கழுவிவிட்டு நேராக அடுப்படிக்குப் போனாள். நானும் கூப்பிடவில்லை.